கணக்குக் கேள்விகள்: நடு எழுத்து யாருடையது?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வடிவியலைப் பற்றியவை. அவற்றிலும் பெரும்பாலானவை கோணத்துக்குப் பெயர் எழுதும் முறையைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன். வாசகர்கள் ஏ, பி, சி, டி என்று குறித்து அனுப்பிய புள்ளிகளை க, ச, ட, த என்று மாற்றியிருக்கிறேன். அதற்கான காரணம் கடைசிக் கேள்வியில் வருகிறது. படம் அச்சிட இடமில்லை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு படிப்பது நல்லது.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். கசட என்ற முக்கோணத்தில், கட என்னும் பக்கத்தின்மேல் த என்றொரு புள்ளியை வைத்து, ச-வையும் த-வையும் கோட்டால் இணைத்திருந்தார்கள். கோண அளவுகள் சிலவற்றைக் கொடுத்து, சத என்ற கோடு கட-வுக்குச் செங்குத்து என்று காட்டச் சொல்லியிருந்தார்கள். கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசி வரியில் ‘∠த = 90°’ என்று எழுதினாள். ஆசிரியை அதன் கீழே ‘எந்தக் கோணம்?’ என்று சிவப்பு மையில் எழுதி ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். த-வுக்கு இருபுறமும் 90° தானே இருக்கிறது? எந்தக் கோணம் என்று கேட்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?
— ஒரு தாய், மயிலாடுதுறை

பதில்: உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எனக்கும் குழந்தையின் பக்கம் சாயத்தான் தோன்றியது. படத்தை வரைந்து பார்த்தபின் ஆசிரியையின் பக்கம் சாய்ந்துவிட்டேன். நீங்களும் வரைந்துகொள்ளுங்கள்: க-வில் 60°, ட-வில் 50°, ச-வில் மொத்தம் 70°. ச-விலிருந்து த-வுக்கு வரும் கோடு அந்த 70°-ஐ, க பக்கம் 30° ஆகவும் ட பக்கம் 40° ஆகவும் பிரிக்கிறது. இடது முக்கோணத்தில் 60, 30 போக மீதி 90. வலது முக்கோணத்தில் 50, 40 போக மீதி 90. மகளின் கணக்கில் பிழையில்லை.

இப்போது த என்ற புள்ளியில் விரலை வைத்து, அங்கிருந்து எத்தனை திசைகளில் கோடு புறப்படுகிறது என்று எண்ணுங்கள். க-வை நோக்கி ஒன்று, ச-வை நோக்கி ஒன்று, ட-வை நோக்கி ஒன்று. இப்படி ஒரு புள்ளியில் தொடங்கி ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும் கோடுதான் கதிர். மூன்று கதிர்கள் இருந்தால், இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று கோணங்கள் உண்டாகும்: ∠கதச, ∠சதட, ∠கதட. முதல் இரண்டும் 90° என்பது உண்மை. ஆனால் மூன்றாவது, க-விலிருந்து த வழியாக ட வரை செல்லும் நேர்க்கோணம், 180°. எனவே ‘∠த’ என்ற பெயருக்கு மூன்று உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் தற்செயலாக ஒரே அளவுடையவர்கள். அதே பழக்கத்தில் ‘∠ச’ என்று எழுதியிருந்தால் 30, 40, 70 என்று மூன்று வெவ்வேறு விடைகள் வந்து நின்றிருக்கும். ஒரு மதிப்பெண் முழுவதையும் குறைத்திருக்க வேண்டுமா, அரை போதாதா என்பதில் எனக்குக் கருத்துவேறுபாடு உண்டு. ஆனால் அந்தச் சிவப்பு மைக் கேள்வி நியாயமானது.

ஒரு முனையிலிருந்து இரண்டே கதிர்கள் புறப்பட்டால் அங்கே ஒரு கோணந்தான். ஓர் எழுத்தே போதும். இதே படத்தில் ‘∠ட’ என்று தாராளமாக எழுதலாம். மூன்று கதிர்கள் என்றால் மூன்று கோணங்கள், நான்கு என்றால் ஆறு, ஐந்து என்றால் பத்து என்று கூடிக்கொண்டே போகும். அங்கெல்லாம் மூன்று எழுத்துகள் வேண்டும். ‘ட-வில் ச, த, க என்று மூன்று புள்ளிகளுக்குக் கோடு போகிறதே, அங்கேயும் மூன்று கதிர்கள் இல்லையா’ என்று மகள் கேட்டால் மகிழுங்கள், ஏனெனில் அது மிக நல்ல கேள்வி. ட-விலிருந்து த-வுக்குப் போகும் கோட்டுத்துண்டும் க-வுக்குப் போகும் கோட்டுத்துண்டும் வேறு வேறு. ஒன்று குட்டை, மற்றது நீளம். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே திசையில் செல்வதால் கதிர் ஒன்றுதான். அதனால்தான் ∠சடத, ∠சடக, ∠தடச, ∠கடச என்ற நான்கு பெயர்களும் ஒரே 50°-ஐக் குறிக்கின்றன. ஒரு கோணத்துக்குப் பல பெயர் இருப்பதைக் கணிதம் பொறுத்துக்கொள்ளும். ஒரு பெயருக்குப் பல கோணம் இருப்பதைத்தான் பொறுக்காது.

மூன்று எழுத்துகளில் நடு எழுத்து ஏன் முனையாக இருக்க வேண்டும் என்பதற்கு, ‘அப்படித்தான் விதி’ என்பதைவிட நல்ல விடை, பழங்கால வடிவியல் அறிஞர் யூக்ளிடின் கிரேக்க நடையிலேயே இருக்கிறது. ‘கச, சட ஆகியவற்றால் அடைக்கப்பட்ட கோணம்’ என்பதுதான் முழுத் தொடர். இரண்டு கோடுகளுக்கும் பொதுவான ச-வை இருமுறை எழுதுவது வீண் என்று ஒன்றாக்கி, ‘கசட-வால் ஆன கோணம்’ என்று சுருக்கினார்கள். இரு பெயர்கள் ஒட்டிய இடமே நடு எழுத்து. மகளிடம் இதை விரலால் செய்யச் சொல்லுங்கள்: ‘கச’ என்று சொல்லிக்கொண்டே க-விலிருந்து ச வரை வரட்டும், திரும்பி ‘சட’ என்று சொல்லிக்கொண்டே ட வரை போகட்டும். விரல் எங்கே திரும்பியதோ அங்கேதான் கோணம் இருக்கிறது.

கேள்வி: கதிர் கச வேறு, கதிர் சக வேறு என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். ஆனால் ∠கசட-வும் ∠டசக-வும் ஒன்று என்றும் சொன்னார். எழுத்தைத் திருப்பிப் போட்டால் ஓரிடத்தில் மாறுகிறது, இன்னோரிடத்தில் மாறவில்லை. இது எப்படி, ஐயா?
— ஆறாம் வகுப்பு மாணவர், திண்டுக்கல்

பதில்: நன்றாகக் கேட்டாய், தம்பி. கதிரின் பெயரில் முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் ஒரே வேலை இல்லை. முதல் எழுத்து, கதிர் எங்கே தொடங்குகிறது என்று சொல்கிறது. இரண்டாம் எழுத்து, எந்தப் பக்கம் போகிறது என்று மட்டுமே காட்டுகிறது. ஒரு நேர்கோட்டில் இடப்பக்கம் க-வையும் வலப்பக்கம் ச-வையும் குறித்துக்கொள். கதிர் கச என்பது, க-வில் டார்ச் விளக்கை வைத்து ச-வைப் பார்த்து அடிப்பது போன்றது. வெளிச்சம் ச-வைத் தாண்டி வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். கதிர் சக என்பது விளக்கை ச-வில் வைத்து க-வைப் பார்த்து அடிப்பது. அது இடப்பக்கம் போகும். இரண்டு வெளிச்சமும் சேர்ந்து விழுகிற இடம் க-வுக்கும் ச-வுக்கும் நடுவிலுள்ள கோட்டுத்துண்டு மட்டுமே. வேலை வேறு வேறாக இருப்பதால்தான் எழுத்தை மாற்றினால் கதிர் மாறிவிடுகிறது.

கோணத்தின் பெயரில் தனி வேலை உள்ளது நடு எழுத்து மட்டுமே. ஓரத்து எழுத்துகள் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன: ஒவ்வொன்றும் ஒரு கதிரைக் காட்டுகிறது. எந்தக் கதிரை முதலில் சொன்னாலும் கோணம் அதேதான். ∠கசட-வைத் தலைகீழாகப் படித்தால் ∠டசக. ச நடுவிலேயே இருக்கிறது. ஆனால் ∠சகட என்று எழுதினால் முனை க-வுக்குப் போய்விடும். அது வேறு கோணம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உன் வகுப்பில் பாதிப்பேராவது இதில் தவறு செய்வார்கள். கதிரின் பெயருக்கு மேலே ஒரு சிறிய அம்புக்குறி போடுகிறோம் அல்லவா? கதிர் படத்தில் இடப்பக்கம் போனாலும் சரி, கீழே போனாலும் சரி, எழுத்துகளுக்கு மேலுள்ள அம்பு எப்போதும் வலப்பக்கம் நோக்கித்தான் இருக்கும். அது முதல் எழுத்திலிருந்து இரண்டாம் எழுத்துக்குப் போ என்கிறது. படத்தின் திசையைக் காட்டுவது அதன் வேலையன்று. இருபுறமும் அம்பு போட்டால் முழு நேர்கோடு. அம்பே இல்லாத வெறும் கோடு போட்டால் கோட்டுத்துண்டு. அந்த இரண்டிலும் எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ஒன்றும் மாறாது.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் தமிழ்மொழி மூலம் படித்தவன், இப்போது டொரொன்டோவில் இருக்கிறேன். பேரப்பிள்ளைக்குத் தமிழில் கேத்திரகணிதம் சொல்லிக்கொடுக்க முற்பட்டபோது, ‘உச்சி, புயம், கூர்ங்கோணம்’ என்றேன். அவன் பார்த்த தமிழ்நாட்டுக் காணொளியில் ‘முனை, குறுங்கோணம்’ என்றிருந்தது. எது சரியான தமிழ்?
— ஒரு தாத்தா, டொரொன்டோ

பதில்: இரண்டும் சரியான தமிழ்; இரண்டு கல்வித்துறைகள் தனித்தனியே கலைச்சொல் ஆக்கியதன் விளைவு இது. இலங்கையில் கூர்ங்கோணம், தமிழ்நாட்டில் குறுங்கோணம். அங்கே முக்கோணி, இங்கே முக்கோணம். அங்கே நாற்பக்கல், இங்கே நாற்கரம். அங்கே பாகைமானி, இங்கே கோணமானி. அங்கே சமாந்தரக் கோடு, இங்கே இணைகோடு. செங்கோணம், விரிகோணம், கதிர், பாகை ஆகியவை இரு கரைக்கும் பொது. என் சொந்தத் தீர்ப்பைக் கேட்டால், ‘குறுங்கோணம்’ என்பது அளவு குறைவு என்பதைச் சொல்கிறது, ‘கூர்ங்கோணம்’ என்பது கண்ணுக்குத் தெரியும் கூர்மையைச் சொல்கிறது. குழந்தைக்கு எளிதில் பிடிபடுவது உங்கள் ஊர்ச் சொல்தான்.

‘உச்சி’யில் மட்டும் ஓர் இடறல் உண்டு. முக்கோணத்தை எப்போதும் கூரை போலவே வரைந்து பழகிய பிள்ளைகள், மேலே இருக்கும் புள்ளிதான் உச்சி என்று எண்ணிக்கொண்டு, அடியிலுள்ள இரண்டையும் உச்சி என்று சொல்லத் தயங்குவார்கள். கோணத்தைக் கவிழ்த்து வரைந்தால் ‘உச்சி கீழே இருக்கிறதே’ என்பார்கள். ‘முனை’ என்ற சொல்லில் இந்தத் தொல்லை இல்லை. அது எந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் ‘உச்சி’ என்று மொழிபெயர்த்தவர் கவனமில்லாமல் செய்துவிட்டார் என்று எண்ணிவிட வேண்டாம். ஆங்கிலத்தில் வழங்கும் ‘வெர்ட்டெக்ஸ்’ இலத்தீனிலிருந்து வந்தது. திரும்புதல், சுழலுதல் என்ற வினையடியில் பிறந்தது. முதலில் நீர்ச்சுழிக்கும், பிறகு தலைமயிர் சுழியும் உச்சந்தலைக்கும், அங்கிருந்து எதனுடைய உச்சிக்கும் பெயராயிற்று. நம் வீடுகளில் குழந்தையின் உச்சந்தலையைத் தடவி ‘இரட்டைச் சுழி’ என்று சொல்கிறோமே, அதே சுழி. இரு கோடுகள் திரும்பும் இடத்துக்கு இப்படியொரு பெயர் பொருந்தத்தான் செய்கிறது.

‘கதிர்’ இதைவிடச் சுவையான சொல். நமக்கு ஞாயிற்றின் கதிர், நெற்கதிர், நூல் நூற்கும் கதிர் என்று மூன்று உண்டு. மூன்றும் ஓரிடத்தில் தொடங்கி நீள்பவை. இலத்தீனில் இதற்கு இணையான ‘ரேடியஸ்’ என்ற சொல்லும் ஒளிக்கதிரையும் சக்கரத்தின் ஆரக்காலையும் நெசவாளியின் நாடாவையும் குறித்தது. இரு மொழிகளும் நெசவுப்பட்டறைக்கும் சூரியனுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்திருப்பது தற்செயல்தான். ஆனால் வட்டத்தின் ஆரத்துக்கு (உங்கள் வழக்கில் ஆரைக்கு) நாமும் ஆரக்காலிலிருந்தே பெயர் எடுத்தோம் என்பதைப் பேரனிடம் சொல்லிவையுங்கள். ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தின் படத்தைக் காட்டினால் மையமும் ஆரமும் கோணமும் ஒருசேர விளங்கிவிடும்.

கேள்வி: நான் கட்டடக் கொத்தனார். வானம் தோண்டுவதற்கு முன் மூலை பிடிக்கச் சிறியதற்கு மூலைமட்டமும், பெரியதற்கு 3, 4, 5 கணக்கும் வைப்போம். பெரிய வீடென்றால் 6, 8, 10 அடி வைப்போம். கை நீண்டால் கோணம் பெரிதாகிவிடாதா என்று புதிதாக வந்த பையன் கேட்கிறான். அவனுக்கு எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கோணத்தின் அளவு என்பது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது, கை எவ்வளவு நீளம் என்பது அதில் சேராது. மூலை முளையை ச என்றும், 6 அடியில் அடித்த முளையை க என்றும், 8 அடியில் அடித்ததை ட என்றும் வைத்துக்கொள்ளுங்கள். க-வுக்கும் ட-வுக்கும் இடையே சரியாக 10 அடி இருந்தால், 6, 8 ஆகியவற்றின் வர்க்கங்களான 36-உம் 64-உம் சேர்ந்து 10-இன் வர்க்கமான 100 ஆவதால், ∠கசட செங்கோணம். இப்போது க முளையைப் பிடுங்கி, கட்டிய நூலின்மேலேயே 3 அடிக்கு நகர்த்தி அடியுங்கள். கதிர் சக மாறவில்லை, கோணமும் மாறவில்லை. பையனையே செய்துபார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் பெரிய கையை வைக்கும் உங்கள் வழக்கம் மிகச் சரி. அதற்குக் காரணம் வேறு. ஓர் அடி நீளமுள்ள மூலைமட்டத்தின் நுனியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 30 அடிச் சுவரின் கடைசியில் அது 30 மில்லிமீட்டர், அதாவது மூன்று சென்டிமீட்டர் விலகலாகிவிடும். அதே ஒரு மில்லிமீட்டர் பிசகு 8 அடிக் கையின் நுனியில் நேர்ந்தால், 30 அடியில் விலகல் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. பூச்சு அதை விழுங்கிவிடும்.

கேள்வி: ∠கசட = 70° என்றால், வெளிப்பக்கம் 290° இருக்கிறது. அதற்கும் முனை ச, கைகள் சக, சட. அப்படியானால் ஒரே பெயருக்கு இரண்டு கோணங்கள் இருக்கின்றனவே? மாணவர்கள் கேட்கும்போது ‘சிறியதையே எடுத்துக்கொள்’ என்று சொல்லித் தப்பித்துவிடுகிறேன், மனம் ஒப்பவில்லை.
— கணித ஆசிரியர், கரூர்

பதில்: உங்கள் மனம் ஒப்பாதது சரியே. மூன்றெழுத்து முறையில் உள்ள ஓட்டை இதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. இந்த முறை பிறந்தபோது ஓட்டையாக இருக்கவில்லை என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. யூக்ளிடின் ‘எலிமென்ட்ஸ்’ என்ற நூலின் முதல் பாகத்தில் வரும் வரையறைப்படி, தளக் கோணம் என்பது, ஒரு தளத்தில் ஒன்றையொன்று சந்திக்கும், ஒரே நேர்கோட்டில் அமையாத இரு கோடுகளின் ஒன்றுக்கொன்றான சாய்வு. ‘ஒரே நேர்கோட்டில் அமையாத’ என்ற நிபந்தனையாலேயே நேர்க்கோணம் கழிந்துவிட்டது. நாம் 180° என்று சொல்லும் இடத்தில் அவர் ‘இரு செங்கோணங்கள்’ என்றுதான் சொல்வார். 180°-ஐத் தாண்டிய கோணம் அவருடைய கணக்கிலேயே இல்லை. அவ்வளவு தொலைவு போக வேண்டியதுமில்லை: 1899-இல் வடிவியலின் அடிப்படைகளைப் புதிதாக அடுக்கிய ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட்டும், ஒரு புள்ளியிலிருந்து புறப்படும், ஒரே நேர்கோட்டில் அமையாத இரு கதிர்களின் அமைப்பே கோணம் என்று தொடங்கி, நேர்க்கோணத்தையும் பின்வளைகோணத்தையும் (180°-ஐத் தாண்டியதை) வெளியே நிறுத்திவிட்டார். அவர்களுக்கு ∠கசட என்ற பெயர் ஒன்றை மட்டுமே குறித்தது. சுழற்சியையும் கடிகார முள்ளையும் கோணத்துக்குள் கொண்டுவந்த நாம்தான் அந்தப் பழைய பெயரின்மேல் இரட்டைச் சுமையை ஏற்றியிருக்கிறோம்.

‘சிறியதையே எடுத்துக்கொள்’ என்பது தப்பித்தல் அன்று. உலகெங்கும் ஒப்புக்கொண்ட வழக்கம். அது எங்கே கைகொடுக்காது என்பதைக் காட்டிவிட்டால் மாணவர்களுக்கு நிறைவாகிவிடும். கரும்பலகையில் அம்பு நுனி போன்ற நாற்கரம் ஒன்று, ட என்ற முனை உள்ளே குழிந்திருக்கும்படி, கசடத என்று வரையுங்கள். க-வில் 40°, ச-வில் 30°, த-வில் 50° என்று கொடுத்து, ட-வில் உள்ள உட்கோணத்தைக் கேளுங்கள். நாற்கரத்தின் உட்கோணங்களின் கூடுதல் 360° ஆதலால் விடை 240°. ஆனால் வழக்கப்படி ∠சடத என்று எழுதினால் அது வெளிப்பக்கத்து 120°. அதைப் போட்டுக் கூட்டினால் 240° மட்டுமே வரும், மாணவர் திகைப்பார். இங்கே ‘பின்வளைகோணம் சடத’ என்று சொல்லாலேயே எழுத வேண்டும். படத்தில் உட்புறம் பெரிய வில் ஒன்றைக் கீறி எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும். அந்த வெளிப்பக்கத்து 120°, மற்ற மூன்று முனைக் கோணங்களின் கூடுதலுக்குச் சமமாக இருப்பதைக் கவனிக்கும் மாணவர் யாரேனும் இருந்தால், ஏன் எப்போதும் அப்படி வருகிறது என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்.

கோணக்குறியைப் பற்றியும் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். 1634-இல் வெளியான தம் கணித நூலில் பிரெஞ்சுக்காரரான பியர் எரிகோன் இந்த ∠ குறியைப் பயன்படுத்தியிருக்கிறார். ‘சிறியது’ என்பதற்கான குறியோடு குழம்பாமலிருக்க அடிக்கோட்டைக் கிடையாகவே போடும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள். விடைத்தாள் திருத்தும் எல்லோருக்கும் அது உதவியாக இருக்கும்.

கேள்வி: சர்வசம முக்கோணங்களில் எழுத்து வரிசை மாறினால் மதிப்பெண் போகும் என்கிறார்கள். கசட என்றாலும் சடக என்றாலும் முக்கோணம் ஒன்றுதானே?
— பத்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

பதில்: தனியே நிற்கும் முக்கோணத்துக்கு எந்த வரிசையும் சரிதான், அம்மா. இரண்டை ≅ என்ற சர்வசமக் குறியால் (வடிவிலும் அளவிலும் ஒன்று என்று) இணைத்துவிட்டால், முதலெழுத்துக்கு முதலெழுத்து, நடுவுக்கு நடு, கடைசிக்குக் கடைசி என்று முனைகளை ஜோடி சேர்த்துச் சொல்லிவிட்டாய் என்று பொருள். கச = 5, சட = 6, கட = 7 என்று ஒரு முக்கோணம்; தப = 7, பற = 5, தற = 6 என்று இன்னொன்று. இரண்டும் சர்வசமம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கசட ≅ தபற என்று எழுதினால், கச-வும் தப-வும் சமம், அதாவது ஐந்தும் ஏழும் சமம் என்றாகிவிடும். 5-உம் 6-உம் சந்திக்கும் முனை முதலாவதில் ச, இரண்டாவதில் ற; 5-உம் 7-உம் சந்திப்பது க, ப; எஞ்சியவை ட, த. ஆகவே கசட ≅ பறத. இப்படி எழுதிவிட்டால் அதன்பின் படத்தைப் பார்க்காமலே ∠கசட = ∠பறத என்று எழுதிக்கொண்டு போகலாம்; அங்கேயும் நடு எழுத்துகளே முனைகள்.

நாற்கரத்துக்கு இன்னும் ஒரு கட்டுப்பாடு உண்டு: எங்கே தொடங்கினாலும், எந்தப் பக்கம் சுற்றினாலும், ஓரத்தோடு வரிசையாகப் போக வேண்டும். கசடத என்ற நாற்கரத்தை கடசத என்று எழுதினால் மூலைவிட்டங்கள் பக்கங்களாகிவிடும்.

கேள்வி: தமிழ்வழிப் பாடநூல்களிலும் படங்களில் ஆங்கில எழுத்துகளே இருக்கின்றன. தமிழ் எழுத்துகளால் வடிவியல் எழுத முடியாதா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: முடியும் என்பதற்கு இந்தப் பக்கங்களே சான்று. அ, ஆ, இ, ஈ என்று உயிரெழுத்துகளை எடுத்தால் குறிலும் நெடிலும் சிறிய படத்தில் குழம்பும். ஆகவே ஒன்றோடொன்று வடிவம் ஒட்டாத வல்லின வரிசையை எடுத்துக்கொண்டேன். க, ச, ட, த, ப, ற என்ற ஆறும் இந்த இதழுக்குப் போதுமானதாக இருந்தன. மேனிலை வகுப்புகளில் மாணவர்கள் உலகப் பொது வழக்குக்கு மாற வேண்டியிருப்பதால், பாடநூலில் ஆங்கில எழுத்துகள் இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. தொடக்க வகுப்புகளில் தாய்மொழி எழுத்துகளைக் கொண்டு சில பாடங்களையாவது நடத்தலாம் என்பது என் விருப்பம்.

இதற்கு இந்தியாவிலேயே பழைய முன்னோடி உண்டு. ஜெய்ப்பூர் நகரை அமைத்த சவாய் ஜெய்சிங்கின் அவையிலிருந்த ஜகந்நாத சாம்ராட் என்ற அறிஞர், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பாரசீக அறிஞர் நசீருத்தீன் தூசியின் அரபுப் பதிப்பிலிருந்து யூக்ளிடை வடமொழியாக்கினார். ‘ரேகாகணிதம்’ என்பது அதன் பெயர். அதில் படத்தின் புள்ளிகளுக்கு அவர் வடமொழி நெடுங்கணக்கின் வரிசையை எடுக்கவில்லை. அ, ப, ஜ, த என்று குறித்தார். காரணம், அரபு மூலத்தில் அலிஃப், பா, ஜீம், தால் என்று இருந்தது. அரபியர் அந்த வரிசையில் குறித்ததற்குக் காரணம், கிரேக்க மூலத்தில் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்றிருந்தது; அவ்விரு வரிசைகளுமே பினீசிய எழுத்துவரிசையின் வழிவந்தவை. ஆங்கில வரிசையின் மூன்றாம் எழுத்தான ‘சி’யும் காமாவின் வழித்தோன்றலே. ஆகவே அலெக்சாந்திரியாவில் ஆல்ஃபா-பீட்டா-காமா என்றும், ஜெய்ப்பூரில் அ-ப-ஜ என்றும், இன்று வகுப்பில் ஏ-பி-சி என்றும் எழுதப்படுவது ஒரே மூன்று எழுத்துகளே. எந்த ஊரிலும் கோணம் இரண்டாவது எழுத்தில்தான் இருந்தது.